குளம் ஏன் ஏறவில்லை

ஆய்விதழ் மதிப்பாய்வாளர்களுக்குப் பதில் எழுதுவதைப் பற்றி ஆய்வு மாணவர்களான உங்களோடு பேசும்படி கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். அந்த வேலையின் ஒழுங்குகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கருத்துகளுக்கு இலக்கம் போடுவது, ஒவ்வொன்றின் கீழும் பதில் எழுதுவது, திருத்திய வரிகளைக் காட்டுவது, நன்றியில் தொடங்கி நன்றியில் முடிப்பது எல்லாவற்றையும் இப்போது கணினியே சொல்லித் தந்துவிடும். எனக்குச் சொல்லத் தெரிந்தது வேறொன்று. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அந்த மூக்கு ஒருமுறை நன்றாக உடைபட்டது. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறுகளில் நான் கிளிநொச்சியில் விவசாய ஆராய்ச்சி உத்தியோகத்தராக இருந்தேன். ஒரு குடியேற்றத் திட்டத்தின் குளத்தை எடுத்துக்கொண்டு, மாரிகாலத்தில் எவ்வளவு மழை பெய்தால் குளம் எவ்வளவு ஏறும் என்று பார்த்தேன். அது தெரிந்தால், கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கத் தண்ணீர் போதும் என்பதைத் தை மாதத்திலேயே கமக்காரருக்குச் சொல்லிவிடலாம். குளக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி வைத்தோம். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதில் சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்துத் தாளில் எழுதுபவர் ராமையா. குளத்தின் மட்டத்தை நீர்ப்பாசனப் பகுதி ஊழியர் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை எழுதினார். இப்படி ஐந்து மாரி. இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் எழுதியதுதான் அந்தக் கட்டுரை.

ராமையா அந்தத் திட்டத்தில் காணி பெற்ற கமக்காரர். எழுபதுகளின் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. மானியைக் கையளித்த அன்று நான் அவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“ராமையா, என்ன நடந்தாலும் இதை விடக்கூடாது. ஒரு நாள் விட்டாலும் எல்லாம் பாழ்.”

“விட மாட்டேங்க மிஸ்” என்றார்.

தொண்ணூற்றாறில் போரில் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. எங்கள் கந்தோர் மல்லாவியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடுகுக் கொட்டிலுக்கு வந்தது. ராமையாவின் பகுதிச் சனமும் ஊரைவிட்டு எழும்பிவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஆனால் அவருடைய மாதத் தாள்கள் யாராவது ஒருவர் கையில் வந்து சேர்ந்தபடியே இருந்தன. ஒரு நாளும் விடுபடவில்லை. மழையில்லாத நாளுக்குக்கூட ஒழுங்காகப் பூச்சியம் போட்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். நாடே அல்லோலகல்லோலப்பட்டாலும் என் ஐந்தாவது மாரி முழுதாகக் கிடைத்துவிட்டதல்லவா? சனம் எழும்பிய இடத்தில் ராமையா எப்படி அளக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நீர்ப்பாசன ஊழியர் வாரம் ஒருமுறை குளத்துக்குப் போய் மட்டத்தை எழுதி வருவதுபோல, இவரும் தினமும் சைக்கிளில் போய் வருகிறாராக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

கட்டுரையை வவுனியா வழியாக ஆய்விதழுக்கு அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்றே பல மாதம் தெரியாது. பிறகு ஒரு நாள், சோதனைச் சாவடியில் உடைத்துப் பார்த்துத் திரும்ப ஒட்டிய கடித உறையில் கருத்துகள் வந்தன. பதில் அனுப்பத் தந்திருந்த தவணை அதற்கு முன்பே முடிந்து போயிருந்தது.

முதலாம் மதிப்பாய்வாளர் நல்ல மனிதர். தலைப்பு நீளம், இரண்டாம் படத்தில் எழுத்து சிறிது என்ற அளவோடு நின்றுவிட்டார். இரண்டாமவர்தான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அதில் நடுவிலிருந்த கருத்தை நான் தபால் கந்தோர் வாசலிலே நின்று மூன்று தரம் வாசித்தேன். நான்கு மாரிகளில் மழையும் குளமும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஐந்தாவது மாரியில் கனமழை என்று எழுதிய வாரங்களில் குளம் ஏறவேயில்லை. மழை குறைவு என்று எழுதிய வாரங்களில் குளம் மளமளவென்று ஏறியிருக்கிறது. குளம் ஏன் ஏறவில்லை? இதுதான் கேள்வி. கடைசியில் ஒரு வரி: “ஐந்தாவது மாரியின் இந்த ஏழு மாதப் பதிவுகள் உண்மையில் அளந்து எழுதப்பட்டவைதானா என்பதைக் கட்டுரையாளர் உறுதிப்படுத்த வேண்டும்.”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு ஒரு பற்றரிகூடக் கிடைக்காது. உரச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் கட்டுரையே எழுதினேன். எங்கோ மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டு இருக்கிறவர் என்னைப் பார்த்துக் கள்ளப் பதிவோ என்று கேட்கிறார்! கொட்டிலுக்கு வந்த கையோடு பதில் எழுதினேன். ஷெல்லடி பற்றி எழுதினேன், கிபிர் விமானம் பற்றி எழுதினேன், மல்லாவியில் மலேரியா பற்றி எழுதினேன். இரண்டாம் மதிப்பாய்வாளர் ஒரு வாரம் இங்கே வந்து இருந்துவிட்டுப் பிறகு எங்கள் நேர்மையைப் பற்றிப் பேசலாம் என்று முடித்தேன். எழுதி முடித்ததும் நெஞ்சு ஆறியது.

கந்தோரில் தட்டச்சு செய்பவர் பவளம். என் வயதுக்காரி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். தட்டச்சு நாடா கிடைக்காத காலம். காய்ந்த நாடாவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஓட்டுவார். அதனால் எதையும் ஒரே தரத்தில்தான் அடிக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். முதலில் முழுவதையும் வாசிப்பார், பிறகுதான் விசையில் கை வைப்பார். கருத்துகளையும் என் பதிலையும் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். வாசிக்க எனக்கே கண் கலங்குது.”

“அப்ப அடியுமன்.”

“ஒரு விசயம் சொல்லும். அந்தாள் கேட்டது குளத்தைப் பற்றி. நீர் எழுதினது ஷெல்லைப் பற்றி. குளம் ஏன் ஏறேல்லை எண்டதுக்கு இதிலை எங்கை பதில் கிடக்கு?”

“ஷெல்லுக்குள்ளை இருந்து அளந்தனாங்கள் எண்டு சொல்லுறதுதான் பதில்.”

“ஷெல் விழுந்தால் குளம் ஏறாதோ?” என்று கேட்டுவிட்டுப் பவளம் என் தாளை மடித்துத் திருப்பித் தந்தார். “கோவிக்காதையும். நாடா வீணாப் போயிடும். நாளைக்கு வாரும்.”

கோவிக்காமல் இருப்பேனா? அன்று பின்னேரம் முழுவதும் அவருடன் கதைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி காதுக்குள் இருந்தது. மறுநாள் காலையில் இரண்டாம் மதிப்பாய்வாளர் பிழை என்று நிறுவுவதற்காகவே கோட்டுப் படத்தை மறுபடி கையால் வரைந்தேன். முதல் நான்கு மாரியிலும் இரண்டு கோடுகளும் கைகோத்துப் போயின. ஐந்தாவதில் அவை கதை பேச்சில்லாத அயலவர் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. கட்டுரைக்காக இதே படத்தை நானே ஒருமுறை வரைந்திருக்கிறேன். அப்போது என் கண்ணுக்கு இது படவில்லை. ஐந்து மாரி என்று எழுதுகிற ஆசையில் பட விடவில்லை என்பதுதான் சரி. மதிப்பாய்வாளர் சொன்னது சரி.

அடுத்து எனக்குத் தோன்றியதை உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்லிப் பயனில்லை. ராமையா அளக்காமலே எழுதிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை. என் ஊர் உத்தியோகத்தர் ஒருவர் எழுதிய பதிவாக இருந்தால், மானியில் ஓட்டை விழுந்திருக்குமோ, அளவுக் கண்ணாடி உடைந்திருக்குமோ என்றுதான் முதலில் பார்த்திருப்பேன். தோட்டத்திலிருந்து வந்த மனிதர் என்றதும் நேரே ஆளிடம் போய்விட்டேன். மதிப்பாய்வாளர் என்னைச் சந்தேகித்தார் என்று துள்ளினவள், அதே சந்தேகத்தை ஒரு சொட்டும் குறையாமல் ராமையாவின் தலையில் இறக்கினேன்.

ராமையா அப்போது ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் காட்டோரமாக ஒரு கொட்டிலில் இருந்தார். மல்லாவியிலிருந்து சைக்கிளில் இரண்டரை மணிநேரம். நான் போனபோது தடி சீவிக்கொண்டிருந்தார். மனைவி தேத்தண்ணி வைக்க எழும்பினார். அதற்குக்கூடப் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

“ராமையா, கிளிநொச்சி எழும்பின மாரியிலை உண்மையா அளந்தனீங்களோ, இல்லாட்டிச் சும்மா எழுதினனீங்களோ?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“தோட்டத்துல எங்கம்மா கொழுந்து கொண்டுபோயி நிறுக்கிறப்ப, தெனமும் ரெண்டு றாத்தல் அமுக்கிருவாங்க மிஸ். தராசு பதினெட்டுக் காட்டும், புத்தகத்துல பதினாறு எழுதுவாங்க. பக்கத்துல நின்னு அதப் பாத்து வளந்தவன் நானு. நான் அளவுல பொய் எழுதுவனாங்க?”

அவர் எழும்பி, “வாங்க” என்று முன்னால் நடந்தார். கொட்டில்களெல்லாம் மரங்களுக்குக் கீழே விமானத்துக்குப் பயந்து ஒண்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டிப் போனால் சின்ன வெட்டை வெளி. அதன் நடுவில் களிமண் பூசிய ஒரு பொருள் நின்றது. கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது, அது என் மழைமானி.

குளக்கட்டில் இருக்க வேண்டிய மானி!

“எழும்பச் சொன்னதும் எல்லாரும் தகரத்தையும் கதவு நெலையையும் கழட்டினாங்க. நான் இதக் கழட்டினேங்க. அளவுக் கண்ணாடிய எம் பொஞ்சாதி சீலையில சுத்தி மடியில வச்சுக்கிட்டா. மொதல்ல அக்கராயன்ல நட்டோம். அங்கேயும் ஷெல் வந்திருச்சு. பொறவு கோயில் காணி, பொறவு இஸ்கூல் வளவு, பொறவு இங்க. போற எடத்துல எல்லாம் மறுநாளு காலையில எட்டரைக்கு அளந்திருக்கேன். நீங்கதான சொன்னீங்க, என்ன நடந்தாலும் விடக்கூடாதுன்னு?”

ஏழு மாதம், நாலு இடம். மரத்துக்குக் கீழே மானியை வைக்கக்கூடாது என்றும் நான் ஒருகாலத்தில் சொல்லியிருந்தேன். ஆகவே சனமெல்லாம் மரத்தடிக்கு ஓடிய நாட்களில் இவர் ஒவ்வொரு காலையும் வெட்டையில் போய் நின்று மழை அளந்திருக்கிறார். பளபளக்கிற சாமானை வெளியில் வைத்துப் பிளேன்காரனுக்குக் கண்ணாடி காட்டுகிறான் என்று அயலெல்லாம் சண்டைக்கு வந்ததாம். அதற்காகத்தான் களிமண்.

“விளிம்புல மட்டும் பூசலீங்க. விளிம்பு தடிச்சா அளவு மாறிடும்ல? மத்தப்படி வெளிய பூசினதால அளவுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?” அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

“ஒண்டும் ஆகாது” என்றேன்.

“ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை, இடம் மாறிப்போச்செண்டு?” என்றும் கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “எல்லாருந்தான ஓடினோம் மிஸ்? நீங்களுந்தான ஓடினீங்க? உங்களுக்குத் தெரியாதுங்களா?”

கொட்டிலுக்குத் திரும்பித் தம் சொந்தக் கொப்பியைக் கொண்டுவந்தார். அதில் ஒவ்வொரு நாளுக்கும் நேரே இடத்தின் பெயர் எழுதியிருந்தது. எனக்கு அனுப்பிய தாள்களில் அது இல்லை. இருக்க வழியும் இல்லை. அந்தத் தாள்களை அச்சடித்தது நான். மேலே குளத்தின் பெயரை நானே போட்டிருந்தேன். கீழே இரண்டே கட்டம், திகதியும் அளவும். இடத்துக்கு ஒரு கட்டம் வைக்க எனக்குத் தோன்றவில்லை. தந்த கட்டத்தை அவர் பிழையில்லாமல் நிரப்பினார்.

மானி ஓடிப்போன இடத்தில் மழை பெய்தது. அது அங்கே பெய்த மழை. பல மைலுக்கு அப்பால் குளம் அதற்காக ஏன் ஏற வேண்டும்? நான் நிலைமையை விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

“அப்ப அந்த மழையெல்லாம் கழிச்சிருவீங்களா?”

“குளத்துக் கணக்கிலை சேர்க்கேலாது.”

“கழிச்சா, ராமையா அளக்கலைன்னு ஆயிருமே மிஸ். கட்டுரையில எம்பேரு போட்டிருக்கேன்னு சொன்னீங்களே?”

திரும்பி வருகிற வழி முழுவதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. என் கையில் மிகச் சுலபமான ஒரு வசனம் இருந்தது. “போர்ச் சூழல் காரணமாக ஐந்தாவது மாரியின் பதிவுகள் நம்பத்தக்கவையாக இல்லை, அவை நீக்கப்பட்டன.” இந்த வரியை உலகத்தில் எந்த மதிப்பாய்வாளரும் கேள்வி கேட்க மாட்டார். இரக்கப்படுவார்கள், கட்டுரையும் ஏறிவிடும். என் அசட்டை யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வரியில் ராமையா பொய்யராகிவிடுவார். மாறாக உண்மையை எழுதினால், தன் மானி எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் கட்டுரை எழுதிய ஆராய்ச்சியாளர் நான் என்று ஆகிவிடும். அப்படிப்பட்டவளின் மற்ற நாலு மாரியையும் எவர் நம்புவார்? ஆய்விதழ் கட்டுரையை அப்படியே திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

பிள்ளைகளே, பொய் சொல்லும்படி என்னை யாரும் கேட்கவில்லை. துன்பத்தைக் காட்டித் தப்பிக்கொள்ளத்தான் வழி இருந்தது. அந்தத் துன்பம் உண்மையானதாகவும் இருந்தது. அதனால்தான் அது அவ்வளவு ஆபத்தானது. பவளம் முதல் நாளே அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

புதிய பதிலைச் சுருக்கமாக எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது. “மதிப்பாய்வாளர் கூறுவது சரி. ஐந்தாவது மாரியில் மழைமானி குளத்தருகே இருக்கவில்லை. பதிவாளர் குடும்பத்துடன் இடம்பெயர்ந்தபோது அதைத் தம்முடன் எடுத்துச் சென்று நான்கு இடங்களில் நட்டு, ஒரு நாளும் தவறாமல் அளந்திருக்கிறார். இடங்களைத் தம் கொப்பியில் குறித்துமிருக்கிறார். பதிவுத்தாளில் இடத்துக்குக் கட்டம் வைக்காததும், பதிவுகள் எங்கிருந்து வருகின்றன என்று விசாரிக்காததும் என் தவறுகள். அளவுகள் உண்மையானவை. அவற்றை இந்தக் குளத்துக்கு உரியவையாகக் காட்டியது பிழை.”

பவளம் வாசித்தார். தாளை இயந்திரத்தில் செருகினார். பாதி அடித்த பிறகு நிமிர்ந்து, “இதிலை பதில் இருக்கு” என்றார். எங்கள் சண்டை அத்தோடு தீர்ந்தது.

அதன் பிறகு ஒரு மாரியும் ஒரு சிறுபோகமும் போயின. கிளிநொச்சிக்குச் சனம் திரும்பத் தொடங்கியிருந்தது. நான் கட்டுரையைக் கைகழுவிவிட்டேன். அப்போதுதான் ஆய்விதழின் ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டாம் மதிப்பாய்வாளரின் குறிப்பு நாலே வரி. ஐந்தாவது மாரியைக் குளத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிடவும். முடிவுரையில் “சொல்ல முடியும்” என்பதைச் “சொல்ல முடியலாம்” என்று தணிக்கவும். ஏழு மாதப் பதிவுகளை வீசிவிடாமல் இடப்பெயர்களோடு தனி அட்டவணையாகச் சேர்க்கவும். நாலாவது வரி இது: “அளந்து எழுதப்பட்டவைதானா என்று நான் கேட்டிருந்ததைத் திரும்பப் பெறுகிறேன்.” கொட்டிலில் அதை வாசித்தபோது நான் அழுதேன். அந்த மனிதர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வேலையை அவ்வளவு கவனமாக என்னோடு வேலை செய்த எவரும் வாசித்ததில்லை.

அச்சான பிரதி கைக்கு வந்ததும் ராமையாவின் காணிக்குப் போனேன். அவர் திரும்பி வந்து பழைய இடத்தில் வீட்டை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். மானியும் குளக்கட்டுப் பக்கம் தன் இடத்துக்கு வந்துவிட்டது. காலை நேரம். கதிரை எடுத்துப் போட்டார். அட்டவணையில் நாலு இடத்தின் பெயரையும் விரல் வைத்துக் காட்டினேன். அவர் பெயர் இருந்த வரியைக் காட்டினேன். மதிப்பாய்வாளர் தம் சந்தேகத்தைத் திரும்பப் பெற்ற வரியைத் தமிழில் சொன்னேன். அவர் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த குறிப்புகளைக் காட்டி, “இதுல என்னங்க எழுதியிருக்கு?” என்றார்.

“எப்பிடி அளந்தனீங்கள் எண்டு. வெட்டையிலை வைச்சது, எட்டரைக்கு அளந்தது, எல்லாம் இருக்கு அண்ணை.” அந்த வெட்டை வெளியில் நின்ற நாளுக்குப் பிறகு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

“களிமண்ணு பூசினத எழுதலீங்களா?”

“அது அளவை மாத்தாது அண்ணை. அதுதான் விட்டிட்டன்.”

“மாத்தாதுங்க. எனக்கும் தெரியும்.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா எப்படி அளந்தோம்னு அவருக்குத்தான மிஸ் சொல்றோம்? மாத்துமா மாத்தாதான்னு அவரில்ல பாக்கணும்?”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அளவுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் போனார். எனக்குக் கிடைத்த மதிப்பாய்வுக் கருத்துகளிலே மனதுக்குள்கூட வாதாடாமல் நான் ஏற்றுக்கொண்ட முதல் கருத்து அதுதான். அவர் திரும்பி வருவதற்குள், அந்தக் கதிரையில் இருந்தபடியே, ஆய்விதழ் ஆசிரியருக்குத் திருத்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.